பி.ஃபார்ம் ஃபர்ஸ்ட் செம்: சோடியம் பைகார்பனேட்ட எப்படி படிக்கலாம்

ஜூனியர்ஸ் நிறைய பேரு கேக்குறீங்க, அதான் எழுதுறேன். இனார்கானிக் கெமிஸ்ட்ரில ஆன்டாசிட் (வயித்து ஆசிட்ட தணிக்கிற மருந்து) பகுதில சோடியம் பைகார்பனேட்டுக்கு சிலபஸ்லயே ஸ்டார் போட்டிருக்கு, அதாவது ப்ரிபரேஷன், ப்ராப்பர்ட்டீஸ், அஸ்ஸே (சாம்பிள்ல அந்த மருந்து எவ்வளவு இருக்குன்னு அளக்குறது), யூஸ் எல்லாமே எழுதணும். நம்ம வீட்டு ஆப்ப சோடாதான். யூசஸ் ஒரு லிஸ்ட், சைடு எஃபெக்ட் ஒரு லிஸ்ட்னு உருப்போடாதீங்க, ஹால்ல பாதி மறந்துரும். ஆசிட்ட பாத்தா பைகார்பனேட் தண்ணியும் கார்பன் டை ஆக்சைடுமா மாறும், கூட வந்த சோடியம் உடம்புக்குள்ள போகும். இந்த ரெண்ட பிடிச்சுக்கிட்டா மிச்சத்த நீங்களே எழுதிரலாம்.

அஸ்ஸேங்கிறது ஆசிட்ட சொட்டு சொட்டா விட்டு அளக்குற டைட்ரேஷன், எப்ப முடிஞ்சதுன்னு (எண்ட் பாயிண்ட்) நிறம் மாறி காட்டுறது இண்டிகேட்டர். வைவா கேள்வி எப்பவும் ஒண்ணுதான், இண்டிகேட்டரா ஏன் மெத்தில் ஆரஞ்சு, ஏன் ஃபீனாப்தலீன் இல்ல? பைகார்பனேட் கரைசலோட பிஹெச்சே 8.3 கிட்ட, அங்க ஃபீனாப்தலீன் ஏறக்குறைய நிறமில்லாமத்தான் இருக்கும், அப்புறம் எதை பாத்து எண்ட் பாயிண்ட் சொல்லுவீங்க? டைட்ரேஷன் முடியறது பிஹெச் 4 பக்கத்துல, அதனால மெத்தில் ஆரஞ்சு. 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 1 மில்லி = 0.042 கிராம் சோடியம் பைகார்பனேட். 1 கிராம் எடுத்தீங்கன்னா ரீடிங் 23.8 மில்லி பக்கம் வரணும், ரொம்ப கம்மியா வந்தா எடை போட்டதையும் ப்யூரெட்டையும் முதல்ல பாருங்க. சால்ட் அனாலிசிஸ்ல கார்பனேட்டா பைகார்பனேட்டான்னு குழப்பம் வந்தா மெக்னீசியம் சல்ஃபேட் விடுங்க, கார்பனேட்னா சூடு பண்ணாமயே வெள்ளை ப்ரெசிபிடேட் வரும், பைகார்பனேட்னா கொதிக்க வச்சாத்தான் வரும்.

இப்ப மெடிக்கல் பகுதி. வயித்துல 1 கிராம் முழுசா ரியாக்ட் ஆனா கிட்டத்தட்ட 300 மில்லி கேஸ், ஏப்பம் வர்றதுக்கு காரணம் அதான். மூக்கு முட்ட சாப்பிட்டுட்டு மேல சோடாவ ஸ்பூன் கணக்குல கரைச்சு குடிச்சு இரைப்பையே கிழிஞ்ச கேஸ் எல்லாம் மருத்துவ ஜர்னல்ல இருக்கு, நம்ம ஊர்ல கல்யாண வீட்டு சாப்பாடு முடிஞ்சதும் இதான் வைத்தியம்ங்கிறத நெனச்சா எனக்கு பயமாத்தான் இருக்கு. அடுத்து சோடியம், 1 கிராம் சோடாவுல சுமார் 274 மில்லிகிராம். டபிள்யூஹெச்ஓ பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு சோடியம் 2 கிராமுக்கு கீழன்னு சொல்லுது, ஒரு டீஸ்பூன் சோடாவே அதுல பாதிய தாண்டிரும். பிபி, ஹார்ட் ஃபெயிலியர், கிட்னி பேஷண்ட்டுக்கு ஏன் கூடாதுன்னு கேட்டா இந்த கணக்க எழுதுங்க, மார்க் விழும்.

இது ரத்தத்துல கலக்குற சிஸ்டமிக் ஆன்டாசிட், அதனால அளவு மிஞ்சினா மெட்டபாலிக் ஆல்கலோசிஸ், அதாவது ரத்தம் அளவுக்கு மீறி ஆல்கலைன் ஆயிரும். ரத்தத்துல பெருசா கலக்காத அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல்லோட கம்பேர் பண்ண சொன்னா இந்த பாயிண்ட்தான் முக்கியம். அதே குணம் ஆஸ்பிரின் ஓவர்டோஸ்ல நல்லதுக்கு உதவுது, யூரின் ஆல்கலைன் ஆனா அந்த வீக் ஆசிட் அயனா மாறி கிட்னில திரும்ப உறிஞ்சப்படாம வெளிய போயிரும். ஐவி (நரம்பு வழியா ஏத்துறது) கேள்வி வந்தா, கால்சியம் போற அதே லைன்ல இத விடக்கூடாது, கால்சியம் கார்பனேட்டா படிஞ்சிரும்னு மறக்காம எழுதுங்க. 8.4 சதவீத இன்ஜெக்‌ஷன்ல 1 மில்லிக்கு 1 மில்லிஈக்விவலண்ட் (அயன் அளவ சொல்ற யூனிட்), அந்த சதவீதம் ஏன்னா மோலிக்யூலர் வெயிட் 84, அவ்வளவுதான்.

ஓஆர்எஸ்ல (வயித்துப்போக்குக்கு கரைச்சு குடிக்கிற உப்பு-சர்க்கரை பாக்கெட்) ஒரு ட்விஸ்ட் கேப்பாங்க. முன்னாடி அதுல பைகார்பனேட்தான் இருந்துச்சு, ஈரமும் வெக்கையும் இருக்கிற இடத்துல பாக்கெட் தாங்கலன்னு ட்ரைசோடியம் சிட்ரேட்டுக்கு மாத்துனாங்க. இப்ப இருக்கிறது லிட்டருக்கு 2.9 கிராம் சிட்ரேட், பழைய புக் வச்சு படிக்கிறவங்க இத திருத்தி வச்சுக்கோங்க.