எழுத்துருவையும் சேர்த்து அனுப்புங்கள்

அப்பாவின் நினைவு மலருக்கு அம்மா எழுதியதை வேர்ட் கோப்பாகவே மும்பை மாட்டுங்காவில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தேன். புரூஃபில் ‘கொ’ எல்லாம் சிதறி, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ‘க’ முதலில், அப்புறம்தான் ஒகரக் குறி. கொம்பை ‘க’வுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அவர்களிடம் இருந்த பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு அது தெரியவில்லை. பிடிஎஃப் அப்படியில்லை. எழுத்துருவை உள்ளேயே பொதிந்து, எந்த வடிவம் எந்த இடத்தில் என்று பக்கத்தையே விவரித்துவிடும். 1993இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது; 2008 முதல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டு அமைப்பின் தரம்.

சரி என்று நேற்றிரவு பிடிஎஃப் ஆக்கி, எழுத்துரு பொதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினேன். இன்றைய புரூஃபில் அப்பாவின் ஊர் ‘கொட்டாரம்’ முழுதாக நிற்கிறது. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தார்.