கவுண்டி கிரவுண்டுகளைப் பார்த்து நம்மூர் பிட்சைப் போடுவது

கவுண்டி என்றால் இங்கிலாந்தில் நம் மாவட்டம் மாதிரி, அவற்றின் அணிகள் மோதுவதுதான் கவுண்டி சாம்பியன்ஷிப். அங்கே காலை 11 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மாலை 3.30-க்கு. கவுண்டிகள் தங்கள் யூடியூப் சேனலிலேயே இலவசமாகக் காட்டுகின்றன. அஸ்வின் வொர்ஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், சர்ரே என்று போய் ஆடியதிலிருந்தும், வாஷிங்டன் சுந்தர் 2022-இல் லங்காஷயருக்காக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே நார்த்தாம்டனில் ஐந்து விக்கெட் எடுத்ததிலிருந்தும் நம் பக்கத்துப் பையன்கள் அந்த ஆட்டங்களை விடாமல் பார்க்கிறார்கள். பார்க்கும்போது ஆட்டக்காரரோடு கிரவுண்டையும் கவனியுங்கள் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. முதல்தரக் கவுண்டிகள் 18. அதில் வேல்ஸுக்கு கிளாமர்கன் மட்டும், மற்ற 17-ம் இங்கிலாந்துக்கு. திசை, சரிவு, மண், தண்ணீர் என்ற நான்கோடும் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய கிரவுண்டுகள் அவை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாக பிட்ச் போடும் அணிகள் செய்கிற தப்புகளில் பெரும்பாலானவை அங்கே எப்போதோ நடந்து, திருத்தப்பட்டுவிட்டன.

திசையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பின்னால் மாற்றவே முடியாதது அதுதான். மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட் 1857-இல் திறந்தது. பிட்ச் கிழக்கு மேற்காக இருந்தது. ஜிம் லேக்கர் 1956-இல் 90 ரன்னுக்கு 19 விக்கெட் எடுத்ததும் அந்தத் திசையில்தான். கோடையில் அங்கே இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். சூரியன் தொடுவானத்தை ஒட்டியே வெகுநேரம் நிற்கும். மேற்கைப் பார்த்து நிற்கும் பேட்ஸ்மேனுக்குப் பந்து தெரியாது, நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்துவார்கள். கடைசியில் 2010-11 குளிர்காலத்தில் பிட்ச் பகுதி முழுவதையும் தோண்டி வடக்கு தெற்காகத் திருப்பிப் போட்டார்கள். டெர்பியிலும் இதே தொல்லை, இதே தீர்வு. 2019 ஜனவரியில் நியூசிலாந்தின் நேப்பியரில் இந்தியா ஆடிய ஒருநாள் ஆட்டம் வெயில் கண்ணில் அடித்து நின்றது நினைவிருக்கும்.

நமக்கு மழைமேகமே தேவையில்லை, வெயிலே ஆட்டத்தைக் கெடுக்கும். டோர்னமென்ட் ஃபைனலின் கடைசி ஓவர்கள் ஐந்தரை மணிக்கு மேல்தான் நடக்கின்றன. ஆனால் பிட்சின் திசையை முடிவு செய்வது பெரும்பாலும் காம்பவுண்டு சுவரோ ரோடோதான். சரியான வடக்கு தெற்கைக் கண்டுபிடிக்க ஆறடிக் கம்பி ஒன்று போதும். அதைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுங்கள். காலை 11.45-லிருந்து ஒரு மணிவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு ஆணி அடியுங்கள். கம்பியிலிருந்து மிகக் குட்டையான நிழல் விழுந்த கோடுதான் வடக்கு தெற்கு. நம் மாவட்டங்களில் உச்சி சரியாக 12 மணிக்கு வராது. நவம்பர் தொடக்கத்தில் 12-ஐ ஒட்டியும் பிப்ரவரியில் 12.30-ஐ ஒட்டியும் வரும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் இதைச் செய்யாதீர்கள், சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பதால் நிழலே இருக்காது. டிசம்பர், ஜனவரி நல்லது. போன் திசைகாட்டியும் பரவாயில்லை, ஆனால் இரும்புக் கம்பத்துக்கோ கம்பிவேலிக்கோ பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும். பத்துப் பதினைந்து டிகிரி விலகினால் பெரிய கெடுதல் இல்லை.

சரிவுக்கு லண்டனின் லார்ட்ஸ் கிரவுண்டுதான் பாடம். தாமஸ் லார்ட் 1787-இல் முதல் கிரவுண்டை அமைத்தார், 1811-இல் இரண்டாவது. அந்த வழியாக ரீஜன்ட்ஸ் கால்வாய் வெட்ட முடிவானதால் 1814-இல் இப்போதிருக்கும் மூன்றாவது இடத்துக்கு வந்தார். வந்த இடம் சமமில்லை. வடமேற்கு ஓரத்துக்கும் தென்கிழக்கு ஓரத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 2.5 மீட்டர், சரிவு பிட்சுக்குக் குறுக்கே ஓடுகிறது. பிட்சின் இரண்டு பக்கத்துக்கும் பெவிலியன் முனை, நர்சரி முனை என்று பெயர். பெவிலியன் முனையிலிருந்து போட்டால் வலதுகை பேட்ஸ்மேனுக்குப் பந்து உள்ளே வரும். நர்சரி முனையிலிருந்து வெளியே போகும். கிளென் மெக்ராத் பெவிலியன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டது இதனால்தான். அடுத்தமுறை லார்ட்ஸ் ஆட்டம் பார்க்கும்போது எந்தப் பவுலருக்கு எந்த முனை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், கேப்டனின் கணக்கு பாதி புரிந்துவிடும்.

நாம் அந்த அளவு சரிவை வேண்டுமென்று வைக்கக் கூடாது. பிட்ச் நீளவாக்கில் மட்டமாகவும், குறுக்கே நூறடிக்கு ஒரு அடி என்ற அளவில் லேசான வாட்டத்தோடும் இருந்தால் மழைநீர் ஓடிவிடும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும். குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும், குமிழ் இருந்தால் அளவு ஓரிரு அங்குலம் தப்பாகும். டர்ஹாமின் ரிவர்சைட் கிரவுண்டுக்குப் பின்னால் லம்லி கோட்டை தெரிவது அழகு என்றால் நமக்கும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை இருக்கிறது. ஆனால் மலையடிவார கிரவுண்டுக்கு மேட்டுப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டாவிட்டால் ஒரே மழையில் ஓடையே பிட்ச் மேல் ஓடிவிடும். மேட்டுப்பக்க பவுண்டரிக்கு வெளியே ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம் போதும்.

மண்தான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். இங்கிலாந்தில் பிட்ச் மண்ணில் 25 முதல் 30 சதவீதம் களி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள், ஆழம் குறைந்தது 100 மில்லிமீட்டர். களி குறைந்தால் பிட்ச் பொடிந்துபோகும், கூடினால் பாளம்பாளமாக வெடிக்கும். நம் செம்மண் பெரும்பாலும் மணல் கலந்தது. வெறும் செம்மண்ணில் போட்ட பிட்ச் பத்து ஓவரில் ஸ்டம்ப் பக்கம் குழியாகிவிடும். அதற்காகக் களி கூடுதலான ஏரி வண்டலைக் கொண்டுவந்து மேலே கொட்டுகிறோம். அங்கேதான் தப்பு. கீழே ஒரு மண், மேலே இன்னொரு மண் என்று அடுக்கினால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் காயும், சுருங்கும். மேலடுக்கு தனியாகப் பிரிந்து நிற்கும், புல்வேர் அந்த எல்லையில் நின்றுவிடும், பந்து எழும்பாது. ஒரு மண்ணிலிருந்து இன்னொரு மண்ணுக்கு மாறிய ஆங்கிலேய கிரவுண்ட்ஸ்மேன்கள் இதே சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். வண்டலையும் செம்மண்ணையும் தரையில் குவித்து, கட்டி உடைத்து, ஒரே நிறமாகும்வரை புரட்டிக் கலந்த பிறகே பிட்சுக்குள் போட வேண்டும்.

என்ன விகிதம் என்பதை இரண்டு சோதனை சொல்லிவிடும். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். ஐந்து நிமிடம் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும், வண்டல்தூள் இரண்டு மணி நேரத்தில், களி ஒன்றிரண்டு நாளில். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு அடுக்கின் உயரத்தை அளந்தால் சதவீதம் உத்தேசமாகக் கிடைக்கும். இரண்டாவது, வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ஆடம்ஸும் ஸ்டூவர்ட்டும் உருவாக்கிய முறை. மண்ணைப் பிசைந்து வெடிப்பில்லாமல் நெல்லிக்காய் அளவில் உருண்டை பிடித்து, நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே விரிசல் விழுந்து முடிவு தப்பாகும். உடம்பு எடை பார்க்கும் மெஷின் மேல் கெட்டியான பலகை வைத்து, அதன்மேல் உருண்டையை வைத்து, இன்னொரு பலகையால் மெல்ல அழுத்துங்கள். உடையும் நொடியில் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பாருங்கள். நாற்பது ஐம்பது கிலோ தாங்கினால் கிளப் ஆட்டத்துக்குப் போதும். விரலில் நசுக்கினாலே உதிர்ந்தால் ஏரி வண்டலைக் கூட்டுங்கள். ஒரே உருண்டையை நம்பாமல் மூன்று உருண்டை உடைத்துச் சராசரி எடுப்பது முக்கியம்.

அளவு: ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 20.12 மீட்டர், அகலம் 3.05 மீட்டர். இரண்டு முனையிலும் பின்பக்கம் சேர்த்து 25 மீட்டர் நீளம் போட்டால் நான்கு அங்குல ஆழத்துக்குச் சுமார் 7.6 கன மீட்டர் கெட்டியான மண் வேண்டும். உதிரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆக ஏறக்குறைய நான்கு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). கால் அங்குலச் சல்லடையில் சலித்து, ஒரு அங்குலம் ஒன்றரை அங்குலமாகப் போட்டு, ஈரப்படுத்தி, மிதித்து, ரோலர் ஓட்டி, அடுத்த அடுக்குக்கு முன்னால் மேற்பரப்பைக் களைக்கொத்தால் கீறிவிட வேண்டும். கீறாமல் போட்டால் மறுபடியும் அடுக்குப் பிரியும்.

ரோலர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். இங்கிலாந்தில் சீசனுக்கு முன்னால் மார்ச்சில் லேசான ரோலரில் தொடங்கிப் படிப்படியாக எடை கூட்டுவார்கள், நடக்கும் வேகத்தைவிட மெதுவாக, நீளவாக்கு, குறுக்கு, மூலைக்கு மூலை என எல்லாத் திசையிலும். ரோலரில் மண் ஒட்டினால் ஈரம் அதிகம், தூசி பறந்தால் ஈரம் போதாது. நம் பக்கம் ரோடு போடும் ஆளைப் பிடித்து எட்டு டன் வைப்ரேட்டர் ரோலரை ஒரே மாலையில் ஏற்றிவிடுகிறார்கள். அன்றைக்குப் பார்க்கச் சிமென்ட் தரை தோற்கும். ஆனால் மண்ணுக்குள் காற்று போக வழி இருக்காது, தண்ணீர் இறங்காது, அருகம்புல் இரண்டே மாதத்தில் மஞ்சளாகும். ஒன்றரை முதல் இரண்டு டன் போதும். ஒரு ஆட்டத்துக்கான பிட்சை அங்கே பத்துப் பதினான்கு நாள் முன்னாலேயே எடுக்கிறார்கள்: ஆழமாகத் தண்ணீர் விட்டு, தினமும் கொஞ்சம் உருட்டி, புல்லைப் படிப்படியாக மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்கு இறக்குகிறார்கள். ஆட்டம் தொடங்கியபின் இன்னிங்ஸ்களுக்கு நடுவிலும் ஒவ்வொரு நாள் காலையிலும் ரோலருக்கு விதி அனுமதிப்பது ஏழு நிமிடம்தான். அதில் சரிசெய்ய எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் வொர்ஸ்டரைச் சொல்லாமல் முடியாது. டான் பிராட்மேன் 1930, 1934, 1938 என மூன்று சுற்றுப்பயணத்திலும் இரட்டைச் சதம் அடித்த அழகான கிரவுண்டு அது. செவர்ன் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, குளிர்காலத்தில் அடிக்கடி உள்ளே வந்துவிடும். 2007-இல் கோடையிலேயே வெள்ளம் வந்து ஆட்டங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். வெள்ளம் வடிந்ததும் முதல் வேலை படிந்த சேற்றைக் காய்வதற்குள் கழுவி எடுப்பது. காயவிட்டால் அதுவே ஒரு மெல்லிய தனி அடுக்காகிப் புல்லை மூச்சுமுட்ட வைக்கும். காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணை ஓரம் கிரவுண்டு வைத்திருப்பவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மழையில் நனைந்த பிட்ச் என்ன செய்யும் என்பதற்கு லண்டனில் நடந்த 1968 ஓவல் டெஸ்ட் உதாரணம். கடைசி நாள் கொட்டிய மழைநீரைத் துடைக்கப் பார்வையாளர்களே இறங்கினார்கள். காய்ந்துவந்த பிட்சில் இங்கிலாந்து ஸ்பின்னர் டெரெக் அண்டர்வுட் 50 ரன்னுக்கு 7 விக்கெட். கவுண்டி ஆட்டங்களில் பிட்சை முழுவதும் மூடும் வழக்கம் 1981-இல்தான் வந்தது. நாம் ஐப்பசி கார்த்திகையில் தார்ப்பாயைப் பிட்ச் மேலேயே விரித்துக் கல் வைத்துவிட்டு நாலு நாள் திரும்பிப் பார்ப்பதில்லை. அடியில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மழை விட்ட காலையில் எடுத்து ஒரு மணி நேரமாவது காற்றாட விடுங்கள். முடிந்தால் நடுவில் மூங்கில் வைத்துக் கூரைபோல் தூக்கிக் கட்டுங்கள், ஓரத்தில் விழும் நீர் பிட்சை விட்டுக் குறைந்தது நான்கடி தள்ளி விழ வேண்டும். பனிக்கு நமக்குக் கவலை இல்லை; நம்ம வெங்கட்ராகவன் 1973 முதல் 1975 வரை ஆடிய டெர்பிஷயருக்கு 1975 ஜூன் 2-ஆம் தேதி பக்ஸ்டனில் பனி பெய்து ஆட்டமே நின்றது.

காணாமல் போன கிரவுண்டுகளைப் பற்றி நினைத்தால் மனசு கனக்கிறது. ஷெஃபீல்டின் பிராமல் லேனில் 1902-இல் டெஸ்ட் நடந்திருக்கிறது. கால்பந்துக்கு ஸ்டாண்டு கட்ட வேண்டும் என்று 1973-க்குப் பிறகு கிரிக்கெட்டே இல்லை. ஹேஸ்டிங்ஸ் கிரவுண்டு இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம். கபில் தேவ் 1983 ஜூன் 18-இல் ஜிம்பாப்வேக்கு எதிராக 17-க்கு 5 என்ற நிலையிலிருந்து 175 அடித்த டன்பிரிட்ஜ் வெல்ஸின் நெவில் கிரவுண்டு நல்லவேளையாகத் தப்பித்திருக்கிறது. இடம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை எத்தனை வருஷம் என்பதுதான் இதையெல்லாம் முடிவு செய்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் பள்ளிக்கூட கிரவுண்டு, அதனால் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மண்ணில் பணத்தைக் கொட்டாதீர்கள். பொதுக்கூட்டத்துக்கோ கண்காட்சிக்கோ பந்தல் போட்டால் பிட்ச் பகுதியில் கால் நடாமல் இருக்க முன்கூட்டியே கயிறு கட்டுங்கள். நட்டுவிட்டார்கள் என்றால் குழியை மணலால் நிரப்பாமல் பிட்சின் அதே மண்ணை இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாகப் போட்டு, ஈரப்படுத்தி, உலக்கையால் இடிக்க வேண்டும்.

இனி மரம். கான்டர்பரியின் செயின்ட் லாரன்ஸ் கிரவுண்டில் பவுண்டரிக்கு உள்ளேயே ஒரு லைம் மரம் (எலுமிச்சை இல்லை, லிண்டன் என்ற பெரிய மரம்) இருந்தது, ஏறக்குறைய இருநூறு வயது. பந்து பட்டால் நாலு ரன், எவ்வளவு உயரத்தில் பட்டாலும். நம்மூர் கிரவுண்டுகளில் புளியமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் இதே விதியை வைத்துக்கொள்ளலாம், டாஸுக்கு முன்னால் இரண்டு கேப்டனிடமும் சொல்லிவிட வேண்டும். 2005 ஜனவரிக் காற்றில் அந்த மரம் சாய்ந்தது. ஆனால் 1999-லேயே மாற்றுக் கன்று நட்டிருந்தார்கள், 2005 மார்ச்சில் மைதானத்துக்குள் புது மரம் நின்றது. நிழலுக்காக நீங்கள் நடும் கன்றைப் பிட்சிலிருந்து 25 மீட்டராவது தள்ளி நடுங்கள். வேர் பிட்சுக்கடியில் வந்தால் அந்தப் பக்கம் மட்டும் முன்னதாகக் காய்ந்து வெடிக்கும். ஏற்கனவே வந்திருந்தால் மரத்துக்கும் பிட்சுக்கும் நடுவே மூன்றடி ஆழத்துக்குக் குறுகலான பள்ளம் வெட்டி, வேரை நறுக்கி, கனமான பாலித்தீன் ஷீட்டை நிமிர்த்தி நிறுத்தி மண் மூடுங்கள்; ஷீட்டின் மேல்விளிம்பு தரைமட்டத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வேர் அதன் மேலேறித் தாண்டிவிடும்.