அந்தோணியார் பிறந்த ஊருக்கு அம்மாவோடு

வருகிற ஜூன் மாதம் அம்மாவை லிஸ்பன் கூட்டிப்போகிறேன். ராமேஸ்வரம் தீவில் எங்கள் ஊரான தங்கச்சிமடத்தில் யாரிடம் சொன்னாலும் "போர்ச்சுகலா, அங்க நமக்கு யாரு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். துபாய், குவைத், சிங்கப்பூர் என்றால் இந்தக் கேள்வி வராது, தெருவுக்கு நாலு பேர் அங்கே இருப்பார்கள். லிஸ்பனில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், புனித அந்தோணியார். 1195-ல் அங்கே பிறந்தவர்.

பதுவை அந்தோணியார் என்றே சொல்லிப் பழகியதால் அவரை இத்தாலிக்காரர் என்று நினைக்கிறவர்கள் இங்கே நிறைய. பதுவை இத்தாலியில் அவர் அடக்கமாகியிருக்கிற ஊர். 1231 ஜூன் 13 அன்று அதன் பக்கத்தில் இறந்தார், ஒரு வருடம் முடிவதற்குள் புனிதர் பட்டமும் கொடுத்துவிட்டார்கள். பிறந்ததும் வளர்ந்ததும் லிஸ்பனில். பெற்றோர் வைத்த பெயர் பெர்னாண்டோ. அவர் பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில், பேராலயத்தை ஒட்டியே ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தக் கோயில்தான் பயணம். மற்ற எதைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவருக்கு ஒன்றும் இல்லை.

எனக்கு இதுவே பெரிய உதவியாக இருந்தது. தெரியாத தலைநகரத்துக்கு முதல்முறை போகிறவர்கள் இணையத்தில் தேட ஆரம்பித்தால் 'கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று வந்து கொட்டும், அதையெல்லாம் நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஓட்டமாகத்தான் இருக்கும். நான் ஒரு தேதியையும் ஒரு இடத்தையும் மட்டும் முதலில் நட்டுவைத்தேன்: ஜூன் 13, அந்தக் கோயில். அன்று லிஸ்பன் நகரத்துக்கே விடுமுறை. முந்தின நாள் ராத்திரி தெருவெல்லாம் தோரணம் கட்டி, வாசலில் அடுப்பு வைத்துச் சாளை சுடுவார்கள். பேட்டைக்குப் பேட்டை குழு சேர்ந்து பெரிய சாலையில் ஆடிப்பாடி ஊர்வலம் போவார்கள். மறுநாள் பிற்பகல் அந்தோணியார் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அல்ஃபாமா என்கிற பழைய பேட்டையின் சந்துகளுக்குள் பவனி. தங்குகிற இடம், டிக்கெட், விசா எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவுசெய்தேன், குழப்பம் பாதியாகக் குறைந்தது.

அண்ணனையும் கூட்டிப்போகத்தான் ஆசை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரைக்கும் என்பதால் படகு கரையில்தான் நிற்கும், நேரம் இருக்கும் என்று நினைப்பீர்கள். விசைப்படகு வைத்திருக்கிற வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், தடை முடிகிற கடைசி வாரம்தான் உயிர்போகிற வேலை. மராமத்து முடிந்து, பெயிண்ட் அடித்து, வலை ஏற்றி, டீசலும் ஐஸும் பிடித்து, தடை முடிந்ததும் முதல் ஆளாக இறங்க வேண்டும், அந்த முதல் பாடு வருடத்துக்கே முக்கியம். 13-ம் தேதி பவனியில் நின்றுவிட்டு அதற்குள் பாம்பன் பாலம் தாண்ட முடியாது. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, எனக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்று சொல்லிவிட்டார். மதினிக்குத்தான் மனசு ஆறவில்லை.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. இத்தனைக்கும் அம்மா பலமுறை வெளிநாட்டு மண்ணில் கால் வைத்தவர்! கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாம், இலங்கையோடு போட்ட 1974 ஒப்பந்தத்திலேயே யாத்திரிகர்களுக்கு அந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது. பெயரைப் பதிந்துவிட்டு ராமேஸ்வரத்தில் படகு ஏறினால் போதும். அதே புனிதருடைய பிறந்த ஊருக்குப் போக மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், போலீஸ் விசாரணை, விசா என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டியிருக்கிறது. நம்ம ஊர் ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன், பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது இனிஷியலை ஒற்றை எழுத்தாக விடாமல் முழுப் பெயராக விரித்து, குடும்பப் பெயர் கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். ஆதார், பாஸ்போர்ட், டிக்கெட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருந்தால் பின்னால் எந்தக் கவுண்டரிலும் நிற்க வேண்டியதில்லை.

விசா என்பது ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும், ஆனால் கோடைக்குக் கூட்டம் அதிகம் என்பதால் நான் அவ்வளவு நெருக்கமாக விடமாட்டேன். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வயதானவர்களோடு போகிறவர்கள் இதில் பிரீமியம் குறைவு என்று பார்த்து எடுக்காதீர்கள், பழைய வியாதிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று வரிக்கு வரி படியுங்கள். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுச் சம்பாதித்தவர், வருமானவரிக் கணக்கெல்லாம் கிடையாது, அதனால் செலவு முழுக்க என்னுடையது என்று கடிதமும் என் வங்கிக் கணக்கும் உறவுக்கான சான்றும் சேர்த்துக் கொடுக்கப்போகிறேன்.

அப்புறம் மேடு. லிஸ்பன் முழுக்க மேடும் பள்ளமும். கடல் மட்டத்திலேயே நடந்து பழகிய தீவுக்காரர்களுக்கு அது புது விஷயம். நடைபாதை எல்லாம் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல் பதித்தது, தேய்ந்து தேய்ந்து வழுவழுவென்று இருக்கும், ஈரம் பட்டால் வழுக்கும். அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. திருவிழா நடக்கிற அல்ஃபாமாவிலேயே தங்கினால் நல்லது என்று முதலில் தோன்றியது, வரைபடத்தில் உயரக் கோடுகளைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்: படிக்கட்டுச் சந்துகள், வண்டி போகாது, 12-ம் தேதி ராத்திரி விடிய விடியப் பாட்டு. அதனால் பைஷா என்கிற சமதளப் பகுதியில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் அறை. விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ இருக்கிறது, அலமேடாவில் ஒரு தடவை மாறினால் போதும். பைஷாவிலிருந்து கோயிலுக்கு ஒரே ஏற்றம், முடியாவிட்டால் டாக்ஸி. 28-ம் எண் டிராம் கோயில் வாசல் வழியாகவே போகிறது, ஆனால் எப்போதும் நெரிசல், பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. மேடு ஏறும் கேபிள் வண்டிகளை நம்பி எதையும் வைக்கவில்லை. 2025 செப்டம்பரில் அதில் ஒன்று தடம்புரண்டு 16 பேர் இறந்துபோனார்கள்.

பைஷா தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள், காலைப் பூசைக்குக் கோயில்கள் நிறைந்திருந்த நேரத்தில் நிலநடுக்கம். தப்பித்து ஆற்றங்கரைத் திறந்தவெளிக்கு ஓடியவர்கள் மேல் கடல் ஏறி வந்தது, பிறகு நாள்கணக்கில் தீ. அதைப் படித்தபோது எனக்கு 1964 டிசம்பர் தனுஷ்கோடிதான் கண்முன் வந்தது, அம்மாச்சி குடும்பம் அந்தப் புயலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். லிஸ்பன் தலைநகரம், ராஜா இருந்தார், பணம் இருந்தது, சுவருக்குள் மரச்சட்டம் கோத்து நிலநடுக்கத்தைத் தாங்கும்படி வீடு கட்டினார்கள். தனுஷ்கோடி ரயிலும் துறைமுகமும் இருந்த ஊர், மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்து அப்படியே விட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. லிஸ்பனில் கார்மோ மடத்துக் கோயிலுக்கு மட்டும் திரும்பக் கூரை முழுசாகப் போடவில்லை, வளைவுகள் வெறுமனே வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அதை மட்டும் என் ஆசைக்காகச் சேர்த்திருக்கிறேன். அந்தோணியார் கோயிலும் அன்று இடிந்ததுதான், நிலவறை மட்டும் தப்பியது. அவர் பிறந்த இடம் என்று காட்டுவது அந்த நிலவறையைத்தான்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே இல்லை. ஐரோப்பாவில் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் அரிசி அதிகம் சாப்பிடுகிறவர்கள் போர்ச்சுகல்காரர்கள்தான். கணவாய், சாளை, இறால் எல்லாம் உண்டு, அதற்கு மேல் காட் என்கிற மீனை உப்புப் போட்டு உலர்த்திய கருவாடு, அது பெரும்பாலும் நார்வேயிலிருந்து வருகிறது, ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் ஊறவைத்துத்தான் சமைப்பார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு "எம்புட்டு விலை?" என்றார். காலையில் ரிபெய்ரா மார்க்கெட்டின் மீன் பக்கம் ஒருமுறை கூட்டிப்போக வேண்டும், அங்கே அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. ஜூனில் இங்கே கச்சான் காற்று அடிக்கும்போது அங்கே காற்று வடக்கிலிருந்து, சாயங்காலம் குளிரும், ஒரு ஸ்வெட்டர் போதும். ஒன்பது மணிக்குத்தான் இருட்டும் என்பதால் இரவுச் சாப்பாட்டு மாத்திரையை வெளிச்சத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. பதுவைக்கும் போகலாமே என்கிறார் அம்மா. ஷெங்கன் விசா என்பதால் இத்தாலிக்கும் செல்லும், லிஸ்பனிலிருந்து வெனிஸ் பறந்து அங்கிருந்து அரை மணி நேர ரயில், படித்துப் பார்த்தால் சுலபம்தான். என் கணக்கு வேறு: முதல் பயணம், முட்டி வலி, இரண்டாவது ஊர், திரும்பப் பெட்டி தூக்குவது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில்தான் விசா கேட்க வேண்டும் என்பதால் இதை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே தீர்த்தாக வேண்டும். லிஸ்பன் மட்டும் போதும் என்பதுதான் என் எண்ணம், ஆனால் அந்தக் கல்லறையைத் தொட வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார், அதைத் தட்டிப்பேச எனக்கு வாய் வரவில்லை. போகிற டிக்கெட் மட்டும் போட்டிருக்கிறேன். திரும்புகிற டிக்கெட் அம்மாவும் நானும் பேசி முடித்த பிறகு.