தக்காளி எப்படிங்க? ஸ்பானிஷ் என் வாயில் ஒட்டிய கதை

மாட்ரிட் வந்த முதல் வருடம் முழுக்க என் பர்ஸ் கல்லு மாதிரி கனக்கும். அத்தனையும் சில்லறை. காய்கறிக்கடையில் கணக்கு எவ்வளவு ஆனாலும் இருபது யூரோ நோட்டை நீட்டிவிடுவேன், கடைக்காரர் மீதியைக் கொடுப்பார், எண்ணிப் பார்க்காமல் உள்ளே போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: அவர் சொல்லும் விலை எனக்குப் புரியாது. எண்கள் தெரியாமல் இல்லை. ஊனோ, தோஸ், த்ரெஸ் என்று நூறு வரைக்கும் வீட்டில் மடமடவென்று ஒப்பிப்பேன். ஆனால் ஆறு ‘ஸெய்ஸ்’, ஏழு ‘ஸியெத்தே’, அறுபது ‘ஸெஸெந்தா’, எழுபது ‘ஸெதெந்தா’. அந்த மனிதர் ஒரு கையால் பையை முடிச்சுப் போட்டுக்கொண்டே, அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே “ஸெய்ஸ் ஸெதெந்தா” என்பார். ஆறு யூரோ எழுபது. இன்னொரு நாள் “ஸியெத்தே ஸெஸெந்தா”. ஏழு யூரோ அறுபது. என் காதுக்கு இரண்டும் ஒரே சீறல்.

கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தோம். அவர் அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். பால், காய், மருந்து, மின்சாரக்காரர், மாடிவீட்டு அம்மா எல்லாம் என் பொறுப்பு, அங்கெல்லாம் ஆங்கிலம் செல்லாது. சரி, படித்துவிடலாம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி, சின்ன வயதில் பதினாறாம் வாய்ப்பாட்டை உருப்போட்ட வழிதான். ஒரு பக்கம் பழங்கள், ஒரு பக்கம் நிறங்கள், ஒரு பக்கம் சமையலறைச் சாமான்கள். ஒரு ராத்திரிக்கு ஐம்பது சொல், ஒவ்வொன்றும் இருபது தடவை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எல்லாம் வரும். புதன்கிழமை கேட்டால் பத்துகூட தேறாது. அந்தப் பத்தும் ஒன்றோடொன்று கட்டிப்புரளும். கரண்டி ‘குச்சாரா’, கத்தி ‘குச்சியோ’. இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே ராத்திரியில் படித்ததன் பலன், ஓட்டலில் சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு தைரியமாக ஒரு கத்தி கேட்டேன். பரிமாறுபவர் ஒரு நொடி சூப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொண்டுவந்து வைத்தார். மரியாதைக்காரர்.

இதைவிடப் பெரிய கூத்து சோப்பு வாங்கப் போனபோது நடந்தது. சோப்பு ‘ஹபோன்’. பன்றித்தொடையை உப்பிட்டுக் காயவைத்து மெல்லிசாகச் சீவித் தருவார்களே, அது ‘ஹமோன்’. கையைத் தேய்த்துக் காட்டியபடி “கைக்கு ஹமோன் வேண்டும்” என்றேன். கடைப்பெண் சிரிப்பை அடக்க முடியாமல், மேலே கொக்கியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த தொடைகளைக் காட்டினாள். நான் சைவம். அந்த இரண்டு சொல்லும் அதற்கப்புறம் எனக்கு மறக்கவே இல்லை, ஒரு தடவைகூட உருப்போட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி மானத்தை விற்க முடியாதே.

நான் செய்த தப்பு என்னவென்று நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், 1885இல் வெளிவந்த தன் நூலில். அர்த்தமில்லாத அசைகளாக உண்டாக்கிக்கொண்டு, அவற்றைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்தார் மனிதர். அவர் கணக்குப்படி ஒரே மூச்சில் 68 தடவை படிப்பதும், மூன்று நாளுக்குப் பிரித்து மொத்தம் 38 தடவை படிப்பதும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தந்தன. நான் ராத்திரி இருபது தடவை முனகியதில் ஏறக்குறைய பாதி வீண். மறக்கத் தொடங்கும் நேரம் பார்த்து ஒரு தட்டு தட்டவேண்டும், அவ்வளவுதான். வாய்ப்பாடு ஏன் ஒட்டியது என்றால் இருபது தடவை சொன்னதால் அல்ல, அந்த டீச்சர் தினமும் காலையில் கேட்டதால். இது எனக்கு உறைக்க முப்பது வருடம் ஆயிற்று.

அப்புறம் டப்பா. ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972இல் சொன்ன முறை இது. ஒரு பெட்டியில் ஐந்து அறை. படிக்கவேண்டியதை எழுதிய புதிய சீட்டு முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் திரும்ப முதல் அறைக்கே வரவேண்டும், பரமபதத்தில் பாம்பு கொத்தின மாதிரி. முதல் அறையைத் தினமும் பார்க்கவேண்டும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி அறையை மாதம் ஒருமுறை. நாள்கணக்கு நான் வைத்துக்கொண்டது, உங்களுக்கு எது வசதியோ அப்படி. என் பெட்டி, மாடிவீட்டு அம்மா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பொல்வொரோன் தகர டப்பா. (பன்றிக்கொழுப்பு போட்டுச் செய்கிற பண்டம் என்று பிறகுதான் தெரிந்தது. பண்டம் கணவருக்கு, டப்பா எனக்கு.) கைபேசியிலேயே இதைச் செய்ய ஆங்கி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, எத்தனையாவது நாள் எதைக் கேட்பது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். நல்லதுதான். எனக்குத்தான் கைபேசியை எடுத்தால் வேறெங்கோ போய்விடும்.

ஒரு நாளைக்கு எட்டு சொல், அதற்கு மேல் கிடையாது. காலையில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரம் முதல் அறைக்கு. எட்டுதானா என்று கேட்காதீர்கள். ஸ்பானிஷ் அகாதெமியின் அகராதியில் 93 ஆயிரத்துக்கும் மேல் சொல் இருக்கிறது, அதையெல்லாம் நாம் பிடிக்கப் போவதில்லை. காய்க்கடை, மருந்துக்கடை, மெட்ரோ, மாடிப்படி, இந்த நாலு இடத்தில் வாயைத் திறக்க சில நூறு சொல் போதும், அவையே திரும்பத் திரும்ப வரும்.

சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் உண்மையான மாற்றம் வந்தது. ஆரம்பத்தில் ஒரு பக்கம் ஸ்பானிஷ், பின்பக்கம் ஆங்கிலம் எழுதினேன், படித்தவர்களுக்கு வரும் வியாதி. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்பதற்குப் பின்னால் ஆங்கிலத்தில் ‘ஐ லைக் காஃபி’. இதில் நான் எங்கே போனேன், காபி ஏன் எழுவாய் ஆயிற்று என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் தமிழில் எழுதிப் பார்த்தேன். எனக்குக் காபி பிடிக்கும். அட! சொல்லுக்குச் சொல் அதேதான். ‘மே துவெலே லா கபேஸா’, எனக்குத் தலை வலிக்கிறது. இங்கேயும் அதே ‘எனக்கு’. ‘ஆப்லோ’ என்று ஒரே சொல்லில் ‘பேசுகிறேன்’ அடங்கிவிடும், ‘நான்’ தனியாக வேண்டாம், வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார். ‘தூ’ நீ, ‘உஸ்தெத்’ நீங்கள். நாம் பாட்டுக்கு நேராகப் போகிற வழியை விட்டு எதற்கு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்?

சந்தைப் பேச்சில் இது இன்னும் வேடிக்கை. இங்கே சந்தைக்கு மெர்காதோ என்று பெயர். விலை கேட்க என் பாடநூல் ‘இதன் விலை என்ன’ வகையில் ஒரு நீள வாக்கியம் சொல்லிக்கொடுத்தது. கடையில் நின்று கவனித்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. “அ கோமோ எஸ்தான் லோஸ் தொமாத்தெஸ்?” என்கிறார்கள். ‘கோமோ’ என்றால் எப்படி. தக்காளி எப்படிங்க? நம் ஊர்ச் சந்தையில் கேட்கிற அதே கேள்வி! விலை இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்பதால் ‘எஸ்தார்’ வினை வருகிறது என்று இலக்கணம் சொல்லும், நான் அதைக் கற்றது தக்காளி வாங்கித்தான். அடுத்தது, “மே போனே மெதியோ கீலோ?” போனே என்றால் ‘போடு’. அரைக் கிலோ போடுங்க. சிரிப்பே வந்துவிட்டது எனக்கு. வரிசையில் நம் முறை வந்ததும் கடைக்காரர் “தீமே, இஹா” என்பார். சொல்லும்மா. அவருக்கு நான் மகளும் இல்லை, அவர் ஒன்றும் அவ்வளவு கிழவரும் இல்லை. போனை எடுத்தால் “தீகா?”, அதாவது சொல்லுங்க. வெளியே கிளம்பும் மாடிவீட்டு அம்மா “அஓரா வெங்கோ” என்று வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டுப் போவார். நேராகப் பார்த்தால் ‘இப்போ வரேன்’. போகிற ஆள் வருகிறேன் என்று சொல்வதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதனால் சீட்டின் முன்பக்கம் தமிழ், அதுவும் நான் உண்மையில் வாயால் சொல்கிற தமிழ். பின்பக்கம் ஸ்பானிஷ். ஒற்றைச் சொல்லாக எழுதுவதில்லை, ‘அரைக் கிலோ போடுங்க’ என்று முழுசாக. தமிழைப் பார்த்து ஸ்பானிஷை உரக்கச் சொல்லவேண்டும். மறுபக்கமாகப் பார்ப்பது சுலபம், ஸ்பானிஷைப் பார்த்தால் அர்த்தம் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். கடையில் யாரும் நமக்கு ஸ்பானிஷை எழுதிக் காட்டப் போவதில்லை. அப்புறம், ஒரே இனத்துச் சொற்களை ஒரே நாளில் டப்பாவில் போடுவதை விட்டுவிட்டேன். கரண்டி இந்த வாரம் என்றால் கத்தி அடுத்த மாதம்.

சும்மா காதில் விழுந்துகொண்டே இருந்தால் வந்துவிடும் என்று சொல்வார்களே, அதை நம்பாதீர்கள். மாட்ரிட் மெட்ரோவில் நிலையம் வளைவில் இருந்தால் ஒரு அறிவிப்பு வரும்: “எஸ்தாத்தியோன் என் குர்வா…” இறங்கும்போது பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவில் காலை விட்டுவிடாமல் கவனம் என்று முழு வாக்கியமாக. (இந்த ஊரில் c எழுத்தில் வரும் ‘ஸி’யை நாக்கு நுனியைப் பல்லில் வைத்து ‘த்தி’ மாதிரி சொல்கிறார்கள், நன்றிக்கு க்ராத்தியாஸ். மெக்சிகோக்காரர்கள் க்ராஸியாஸ் என்றே சொல்வார்கள்.) ஒரு வருடம் அதை ஏறக்குறைய தினமும் கேட்டேன். ராகம் மனப்பாடம், அர்த்தம் பூஜ்யம். ஒரு நாள் உட்கார்ந்து அதை எழுதி, சொல் சொல்லாகப் பொருள் பார்த்தேன். ‘ஸலீர்’ வெளியேறுதல், ‘குயிதாதோ’ கவனம், ‘பியே’ பாதம், ‘என்த்ரே’ நடுவில். அதற்குப் பிறகு மெட்ரோவே எனக்கு டப்பாவின் ஆறாவது அறை ஆகிவிட்டது, ஒவ்வொரு வளைவிலும் இலவசமாக ஒரு பரீட்சை.

உச்சரிப்பில் நமக்கு அதிர்ஷ்டம்தான், யாரும் இதைச் சொல்வதில்லை. அவர்கள் ‘த’ நம் ‘த’, பல்லில் பட்டு வருவது, ஆங்கில ‘ட’ இல்லை. ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்றால் நாய். ரகர றகரத்தைப் பிரித்துச் சொல்லப் பழகிய நாக்குக்கு இது பெரிய விஷயமில்லை. நான் சென்னையில் வளர்ந்து இரண்டையும் ஒன்றாக்கியவள், எனக்கே தமிழ் டீச்சரின் அடியை நினைத்துப் பழகவேண்டியிருந்தது. ‘ஞ’வும் அப்படியே இருக்கிறது. நாளைக்கு ‘மஞானா’. வருடத்துக்கு ‘ஆஞோ’. வயது சொல்லும்போது இந்த ஞகரத்தை நகரமாக்கி விடாதீர்கள், வருடம் என்பது ஆசனவாய் ஆகிவிடும். நமக்கு அந்த எழுத்து பிறப்பிலேயே இருக்கிறது, மன்னிப்பு கிடையாது.

ஆனால் டப்பா எல்லாவற்றையும் காப்பாற்றாது. கொத்தமல்லி விஷயத்தில் தோற்றேன். லாவாபியேஸ் பக்கம் வங்கதேசத்தவர் கடைகள் நிறைய, அங்கே கட்டைக் கைநீட்டிக் காட்டினால் வேலை முடிந்தது, அதனால் சொல் தேவைப்படவே இல்லை. ஒரு நாள் மெர்காதோவில் மீன்கடையைத் தாண்டிப் போகும்போது, மீன் வாங்குகிற எல்லாருக்கும் பச்சையாக ஒரு கொத்துத் தழை சும்மா கொடுப்பதைப் பார்த்தேன். ஆகா, நம் ஊர்க் கொசுறு என்று மனசு குளிர்ந்து, பெயரைக் கேட்டு, ‘பெரெஹில்’ என்று சீட்டு எழுதி, முன்பக்கம் ‘கொத்தமல்லி’ என்று போட்டு, ஐந்து அறையும் கடத்தி ஜெயித்தேன். மறுவாரம் காய்க்கடையில் பெருமையாகக் கேட்டு வாங்கி வந்து ரசத்தில் கிள்ளிப் போட்டால், ரசம் புல்லுக்கட்டு மாதிரி மணக்கிறது. அது பார்ஸ்லி. கொத்தமல்லிக்குப் பெயர் ‘திலாந்த்ரோ’. தப்பை உருப்போட்டால் தப்பும் அதே உறுதியோடு ஒட்டிக்கொள்ளும், இன்றைக்கும் வாய் முதலில் பெரெஹில் என்றுதான் போகிறது.

மூன்றாவது வருடம் நடக்கிறது. போன சனிக்கிழமை கடை முன்னால் ஐந்தாறு பேர், வரிசை என்று ஒன்றும் இல்லை, அவரவர் ஒரு மூலையில் நின்றார்கள். இங்கே அப்படித்தான், வருகிறவர் “கடைசி யார்?” என்று கேட்டு, அந்த ஆளுக்குப் பிறகு தன் முறை என்று மனசில் வைத்துக்கொள்வார். ஒரு பெரியவர் வந்து “எல் ஊல்திமோ?” என்றார். “யோ” என்றேன், நான்தான், தமிழுக்குப் போகாமல், டப்பாவுக்கும் போகாமல். அவர் தலையாட்டிவிட்டு ஓரமாக நின்றார். என் முறை வந்தது, தக்காளி எப்படி என்று கேட்டேன், ஒரு கிலோ போடச் சொன்னேன், திலாந்த்ரோவைச் சரியாகக் கேட்டேன். கடைக்காரர் பையை முடிந்துகொண்டே, அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே ஏதோ ஸெ-ஸெ என்று விலை சொன்னார்.

ஸெதெந்தா சீட்டு இன்னும் முதல் அறையில்தான் கிடக்கிறது. இருபது யூரோ நோட்டை நீட்டினேன்.