7 நாட் வேகத்தில் வடக்கு நோக்கி

வேலையை விட்டுவிட்டுப் படகில் குடியேறப்போகிறோம் என்று சொன்னபோது, பெரும்பாலானோர் முதலில் கேட்டது, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான். 7 நாட், அதாவது மணிக்கு 7 கடல் மைல். கிலோமீட்டரில் சொன்னால் மணிக்கு 13. சைக்கிளில் போகிறவர் எங்களை முந்திவிடுவார்.

எங்கள் மோட்டார் படகு 12 மீட்டர் நீளம். தண்ணீரின் மேல் எழும்பிப் பறக்கும் வகை இல்லை. தண்ணீரை விலக்கிக்கொண்டு நிதானமாகப் போகும் கனத்த படகு. 8 நாட் வேகத்தைத் தாண்ட வேண்டுமென்று எஞ்சினை முடுக்கினால், தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற முடியாமல் திணறும். வேகம் கூடாது, டீசல்தான் தீரும். ஐம்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றவர்களின் சேமிப்பு நெடுங்காலம் தாங்க வேண்டும். அந்தக் கணக்குக்கும் இந்த வேகம் பொருந்திப்போகிறது.

வான்கூவர் தீவுக்கும் கனடாவின் பெருநிலத்துக்கும் நடுவே தொடங்கி அலாஸ்கா வரை நீளும் இன்சைட் பாசேஜ் நீர்வழியில்தான் எங்கள் கோடைகாலங்கள் கழிகின்றன. அடுக்கடுக்கான தீவுகள் பெருங்கடலை மறைத்துக்கொள்வதால் சிறிய படகுக்கு ஏற்ற வழி இது. ஆனால் அந்தத் தீவுகளின் இடுக்குகளில், கடல் மட்டம் ஏறி இறங்கும்போது ஓதநீர் நுழைந்து வெளியேறும் விசையைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். காம்ப்பெல் ரிவர் என்ற ஊருக்கு வடக்கே உள்ள சீமோர் நேரோஸ் என்ற இடுக்கில் நீரோட்டம் 15 நாட் வரை போகும். எங்கள் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

முன்பு அந்த இடுக்கின் நடுவிலேயே ரிப்பிள் ராக் என்ற இரட்டை முனைப் பாறை நீருக்குள் மறைந்திருந்தது. ஓதம் இறங்கும் வற்றத்தின்போது அதன் உச்சிக்கு மேல் ஏறக்குறைய 3 மீட்டர் தண்ணீர்தான் நிற்கும். நூறு பேருக்கு மேல் பலிகொண்ட பாறை. கடைசியில் பக்கத்திலுள்ள மாட் தீவிலிருந்து கடலடியில் சுரங்கம் தோண்டி, 1,200 டன்னுக்கு மேல் வெடிமருந்தை நிரப்பி, 1958 ஏப்ரல் 5 அன்று அதன் தலையைத் தகர்த்தார்கள். பாறை போனாலும் நீரோட்டம் அப்படியே இருக்கிறது.

அதனால் எல்லோரும் காத்திருக்கிறார்கள். மரக்கட்டைகளை மிதக்கவிட்டு இழுத்துவரும் இழுவைப் படகும் காத்திருக்கிறது, நாங்களும் காத்திருக்கிறோம். இங்கே ஓதம் ஏறும் பெருக்கு தெற்கே ஓடும், வற்றம் வடக்கே ஓடும். பெருக்கு ஓய்ந்து வற்றம் தொடங்கும் அந்தச் சில நிமிட இடைவெளியில் நுழைந்துவிட வேண்டும். நேரத்தை நீரோட்ட அட்டவணையில் முன்கூட்டியே அச்சிட்டிருப்பார்கள். ஆனாலும் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தண்ணீரையும் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். கரையோரக் கடற்பாசியின் நீண்ட தண்டுகள் நீரோட்டத்தில் தெற்கே தலைசாய்த்துக் கிடக்கும். அவை மெல்ல நிமிர்ந்து நேராக நின்றதும், "போகலாமா?" என்று மனைவி கேட்பாள். உள்ளே போனால் நீர் எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாக இருக்கிறது. ஆங்காங்கே சிறு சுழிகள் தோன்றி மறைகின்றன. சுக்கான் கையில் லேசாகத் திமிறும், அவ்வளவுதான். மறுபக்கம் வெளியேறும்போது வற்றம் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கும். திரையில் 10 நாட் காட்டும். அந்தக் கூடுதல் வேகத்துக்கு ஒரு சொட்டு டீசல்கூடச் செலவில்லை.

ஆனால் அதற்கப்பால் ஜான்ஸ்டோன் நீரிணையில் கோடைப் பிற்பகல்களில் வடமேற்குக் காற்று வீசும். வடக்கே ஓடும் வற்றத்தை அது எதிர்த்தால் அலைகள் செங்குத்தாக எழும்பும். எங்களுக்கு ஏற்ற நீரோட்டம் பிற்பகலில்தான் வருகிறது என்றால், அன்று கயிற்றை அவிழ்ப்பதே இல்லை. மறுநாள் விடியலில் வாய்ப்பு வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம். வேலையில் இருந்தபோது இப்படிக் காத்திருக்க எங்களால் முடிந்திருக்காது. விடுமுறை முடிகிறதே என்று கெட்ட வானிலையில் கிளம்புகிறவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம், மனம் பதைக்கிறது. சீக்கிரம் ஓய்வு பெற்றதில் எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து காலம்தான். அதைப் பாதுகாப்புக்குச் செலவிடுவதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

காத்திருக்கும் நாட்கள் வெறுமனே போவதில்லை. காலையில் எஞ்சின் அறைக்குள் இறங்கி, எண்ணெய் அளவுக்குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பேன். கடல்நீர் வடிகட்டியைத் திறந்தால் கடற்புல்லும் சில நாள் சொறிமுட்டை என்ற ஜெல்லிமீனின் துண்டுகளும் அடைந்திருக்கும். எஞ்சினுக்கு அடியில் வெள்ளை உறிஞ்சுதாள் ஒன்றை விரித்திருக்கிறேன். புதிதாக ஒரு சொட்டு விழுந்தாலும் அதன் நிறமே சொல்லிவிடும்: கறுப்பு என்றால் எண்ணெய், பச்சை என்றால் குளிர்விப்பு நீர்.

இதே நீர்வழியிலுள்ள டெசலேஷன் சவுண்ட் என்ற கடற்கழியில் வேறு விதமான உழைப்பு. 1792இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவர் அந்த இடத்தைப் பாழ்வெளி என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார். எங்களுக்கோ அங்கிருந்து கிளம்ப மனம் வருவதில்லை. வான்கூவர் தீவின் இரு பக்கத்திலிருந்தும் வரும் ஓதங்கள் இந்த இடத்தின் அருகே சந்திப்பதால் நீர் அதிகம் கலங்காது. கோடையில் நீந்தும் அளவுக்கு வெதுவெதுப்பாகிறது. அடித்தளம் சட்டென்று சரிவதால், படகின் முன்புறமான அணியத்தில் நங்கூரம் பாய்ச்சிவிட்டு, பின்புறமான அமரத்தைக் கரையிலுள்ள மரத்தோடு கட்ட வேண்டும். கயிற்றோடு ரப்பர் படகில் போவது மனைவியின் வேலை. மரத்தைச் சுற்றி நுனியைப் படகுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுவாள். கிளம்பும்போது கரையேறாமலே அவிழ்த்து இழுத்துக்கொள்ளலாம்.

இப்போது வான்கூவர் தீவின் வடமுனைக்கு அருகே போர்ட் ஹார்டியில் கட்டிக்கிடக்கிறோம். தீவின் மறைவு இங்கே முடிகிறது. பெருநிலக் கரையிலுள்ள கேப் காஷன் முனையைத் தாண்டும்வரை பசிபிக்கின் நீண்ட அலை நேராகப் படகின் மேல் வரும். கடலில் நிற்கும் மிதவைகள் அளக்கும் அலை உயரத்தை வானொலியில் கேட்டுக் குறித்துவைக்கிறோம். 1.5 மீட்டருக்கு மேல் இருந்தால் புறப்படுவதில்லை என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். இன்று 2 மீட்டருக்கு மேல் இருக்கிறது. எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடலாம் என்கிறாள் மனைவி. மாலை அறிவிப்பைக் கேட்டுவிட்டு நாளைக்கு முடிவு செய்வோம்.