ஆறு வாரம் கழித்துக் கடித்த கோஹோ

போன சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓடும் வெட்டர் ஆற்றில் என் தக்கை முழுகியது. தக்கை முழுகுவது இந்தப் பருவத்தில் அதிசயம் இல்லை; சம் என்ற சால்மன் வகை மீன்கள் தினமும் இழுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் சம் நேராக இழுத்துக்கொண்டு ஓடும். இது தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு உருண்டது. ஆறு வாரமாக நான் காத்திருந்த கோஹோ சால்மனேதான்!

மீனைக் கைவலைக்குள் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே விரலை ஓட்டினேன். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சதைத் துடுப்பு தட்டுப்பட்டது. அப்படியென்றால் காட்டு மீன். பொரிப்பகத்தில் வளர்த்து விடும் கோஹோக் குஞ்சுகளுக்கு அந்தத் துடுப்பை வெட்டித்தான் ஆற்றில் விடுகிறார்கள். வெட்டிய கோஹோவை வைத்துக்கொள்ளலாம், வெட்டாததை விட்டுவிட வேண்டும். ஈறு வெளுப்பாக இருந்தது, வாலின் மேல்பாதியில் மட்டும் கறுப்புப் புள்ளிகள். எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் என்பதால் ஒரு திருப்பில் கழன்றது. தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரம் செவுள் மட்டும் அசைந்தது, அப்புறம் வால் என் மணிக்கட்டில் அடித்துவிட்டுப் போனது. அந்தச் சந்தோஷம் இன்னும் இறங்கவில்லை.

ஆறு வாரமாக ஏன் ஒரு கோஹோகூடக் கடிக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது தூண்டிலால் அல்ல, ஒரு மீனின் வயிற்றால். அக்டோபர் நடுவில் பக்கத்தில் நின்ற ஓர் அண்ணன் பொரிப்பகத்துக் கோஹோ ஒன்றைப் பிடித்தார். வயது பார்க்கச் செதில் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டேன். “செதில் எதுக்கு, வயித்தைப் பாருங்க தம்பி” என்று கீறிக் காட்டினார். இரைப்பை சுருங்கி விரல் தடிமனுக்கு இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. “ஆத்துக்குள்ள வந்துட்டா இதுக்குப் பசி கிடையாது. மூக்குக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினாத்தான் வாயைத் திறக்கும்.”

ஆற்றுக்கு வந்த சால்மன் சாப்பிடாது என்று படித்திருந்தேன். ஆனாலும் பசித்த மீனைப் பிடிக்கிற மாதிரியேதான் இரையை எறிந்துகொண்டிருந்தேன். பழைய பழக்கத்திலோ எரிச்சலிலோ கடிக்கிற மீன், இரைக்காகப் பெரும்பாலும் ஒரு முழம்கூட நகராது. அன்றிலிருந்து முழுக் கவனமும் ஆழத்தின் மேல்தான்.

இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் தக்கைக்கு மேலே நரம்பில் இருக்கும், ஆழத்தைத் தீர்மானிக்கும் ரப்பர்த் தடுப்பை ஒவ்வொரு எறிக்கும் பத்து சென்டிமீட்டர் ஏற்றிக்கொண்டே போகிறேன். தக்கையின் தலை நீர் போகிற பக்கம் சாய்ந்து துடிக்க ஆரம்பித்தால் நரம்பில் கட்டிய ஈயக் குண்டு தரையில் உரசுகிறது என்று அர்த்தம். அங்கிருந்து ஒன்றரைச் சாண் குறைக்கிறேன். அப்போது இரை மீனின் கண்ணுக்குச் சற்று மேலே வரும். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. ஆற்றின் மேல்நீர் வேகமாக ஓடும், அடிநீர் கற்களில் உரசி மெதுவாகப் போகும். தக்கையை அதன் போக்கில் விட்டால் அது இரையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடும். நரம்பு சுற்றும் சக்கரத்தின் விளிம்பில் கட்டைவிரலை மெல்ல அழுத்தித் தக்கையைத் தாமதப்படுத்த வேண்டும். தக்கை கொஞ்சம் நம் பக்கமாக, அதாவது மேலாற்றுப் பக்கமாகச் சாய்ந்து வந்தால் இரை முன்னே போகிறது, மீன் முதலில் பார்ப்பது இரையைத்தான். அழுத்தம் கூடினால் இரை மேலே எழும்பிவிடும். அந்த அளவு என் விரலுக்குப் பிடிபடவே இரண்டு வாரம் ஆனது.

இதில் என்னை அதிகம் படுத்தியது அந்த ரப்பர்த் தடுப்புதான். ஈரத்தில் வழுக்கி, நாலு எறிக்குள் அரை அடி இறங்கிவிடும். ஒரு பொட்டலம் முழுக்க அப்படியே. இப்போது தடித்த பருத்தி நூலில் ஐந்து சுற்று முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு இறுக்குகிறேன். அசையவே இல்லை.

ஈயத்துக்குக் கீழே பதினெட்டு அங்குலத்துக்கு மேல் நரம்பு விடுவதில்லை. கரையில் பலர் ஆறு, எட்டு அடிக்கு விடுகிறார்கள். மூச்சுக்காக வாயைத் திறந்து மூடும் மீனின் வாய் வழியே நரம்பு ஓடி, தூண்டில் வெளியிலிருந்து கொக்கிபோல் மாட்டிவிடும். மீன் கடிக்கவே இல்லை! அதைப் பிடித்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அண்ணன் பிறகு தந்த செதிலை நுண்ணோக்கியில் பார்த்தேன். நடுவில் நெருக்கமான வளையங்கள், அது நன்னீரில் கழிந்த காலம். சட்டென்று அகலமாக விரிகிறது, அங்கே கடல் தொடங்குகிறது. பிறகு ஒரு நெருக்கமான பட்டை, கடலில் ஒரு குளிர்காலம். மறுபடி அகலம். ஓரம் மட்டும் அரித்தாற்போல் இருக்கிறது. சாப்பாட்டை நிறுத்திய உடம்பு தன் செதிலையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டால் 2022 இறுதியில் முட்டை, 2024 வசந்தத்தில் கடல், 2025 இலையுதிர் காலத்தில் இந்த ஆறு. சம், பிங்க் வகைச் சால்மன் குஞ்சுகள் சரளையிலிருந்து வெளிவந்ததும் கடலுக்குப் போய்விடும். கோஹோ ஒரு வருடத்துக்கு மேல் சின்ன ஓடைகளில் தங்கி வளர்கிறது. அதனால் ஓடை கெட்டால் கோஹோவுக்குத்தான் முதல் அடி. கார் டயர் தேய்மானத்திலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள் முட்டையிட வரும் கோஹோவைக் கொல்கிறது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். அதே தண்ணீரில் சம் மீன் பிழைத்துக்கொள்கிறது. நான் விட்ட மீன் எந்த ஓடைக்குப் போகுமோ என்ற நினைப்பு அவ்வப்போது வருகிறது. பிறந்த தண்ணீரின் வாசத்தை வைத்துத்தான் அது வழி கண்டுபிடிக்கும். அந்த ஓடையில் சாலைத் தண்ணீர் கலக்காமல் இருக்க வேண்டும்.

2026 அக்டோபரில் ஆடம்ஸ் ஆற்றுக்குப் போகத் திட்டம். 2010, 2014, 2018, 2022 என்று நாலு வருடத்துக்கு ஒருமுறை சாக்கை என்னும் இன்னொரு வகைச் சால்மன் மீன்கள் பெருங்கூட்டமாக வரும் ஆறு அது. தூண்டில் எடுத்துப் போகப்போவதில்லை, கரையில் நின்று பார்த்தால் போதும். பறவை இறகில் சொந்தமாகத் தூண்டில் கட்டலாம் என்று தொடங்கியதும் பாதியில் கிடக்கிறது, அது குளிர்காலத்துக்கு.

வியாழக்கிழமை மழை என்கிறார்கள். ஆறு ஏறிக் கலங்கி, சனிக்கிழமைக்குள் இறங்கிப் பச்சையாகத் தெளிந்தால் புதுக்கூட்டம் மேலேறும். பாலத்துக்குக் கீழே மரம் விழுந்து கிடக்கும் மெதுநீர் ஓரத்தில் மூன்றரை அடி ஆழம் அளந்து வைத்திருக்கிறேன். நூல் முடிச்சும் ஆறு போட்டாயிற்று.