பழைய ஆம்ப்ளிஃபயரில் வலது சேனல் வராமல் போனபோது

என்னிடம் இருப்பது 1980களில் வந்த ஒரு ட்ரான்சிஸ்டர் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். அதில் வலது சேனல் கொஞ்ச காலமாகவே அடம்பிடித்து வந்தது. போட்டவுடன் வராது. வால்யூமைச் சற்றுத் தூக்கினால் கரகரவென்று ஒரு சத்தத்தோடு வந்துவிடும், அப்புறம் குறைத்தாலும் சிறிது நேரம் ஒழுங்காகப் பாடும். மெதுவாக வைத்துக் கேட்கும்போதுதான் மறுபடி காணாமல் போகும்.

பழைய ஆம்ப் என்றாலே "கெபாசிட்டர் எல்லாம் போயிருக்கும், மொத்தமாக மாற்று" என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டீரியோ ஆம்ப்பில் ஒரே மாதிரி இரண்டு சர்க்யூட் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று நன்றாக ஓடும்போது அதையே அளவுகோலாக வைத்து மற்றதைச் சோதிக்கலாம். பாதித் தேடல் மூடியைக் கழற்றாமலே முடிந்துவிடும்.

செட்டை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை இடம் வலமாக மாற்றினேன். வலது முனையில் எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் அதே கதைதான். அடுத்து உள்ளே வரும் ஆர்சிஏ ஒயர்களை மாற்றினேன். குறை வலது பக்கத்திலேயே நின்றது. ஆக, பாட்டு வரும் இடத்திலும் ஒயரிலும் பழுதில்லை. டேப் ரெக்கார்டரின் ஒலிக்கு மாற்றும் டேப் மானிட்டர் சுவிட்சையும் பாலன்ஸ் குமிழையும் நன்றாக ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஸ்பீக்கர் ஏ, பி இரண்டு இணைப்பிலும் அதே குறை இருந்ததால் அந்த சுவிட்ச் மீதும் சந்தேகம் குறைந்தது.

திருப்பம் ஹெட்போனில் கிடைத்தது. மிகக் குறைந்த சத்தத்திலும் இரண்டு காதிலும் சுத்தமாகக் கேட்டது. சர்க்யூட் படத்தைப் பார்த்தால், இந்த மாடலில் ஹெட்போனுக்கான இணைப்பு, ஸ்பீக்கருக்குப் போகும் பாதையை மின்சாரத்தால் இணைத்துத் துண்டிக்கும் ரிலே என்ற சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிகிறது (எல்லா செட்டிலும் அப்படி இருக்காது, படத்தைப் பார்த்துவிடுவது நல்லது). அதாவது வலது சேனலின் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் வரை எல்லாம் சரி.

இந்த ரிலே ஸ்பீக்கரின் காவலாள். ஆன் செய்த சில நொடிகளில் டிக் என்று மூடிக்கொள்ளும், அவுட்புட்டில் டிசி வோல்டேஜ் வந்தால் திறந்துவிடும். என் செட்டில் இரண்டு சேனலுக்கும் ஒரே ரிலே. பாதுகாப்பு சர்க்யூட் வெட்டியிருந்தால் இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும். டிக் சத்தம் வழக்கம்போல வந்தும் ஒரு பக்கம் மட்டும் போகிறது என்றால், ரிலேக்குள் அந்தப் பக்கத்துக் கான்டாக்டை, அதாவது தொட்டு இணைப்பு தரும் உலோக முனைகளைத்தான் பார்க்க வேண்டும். கான்டாக்டின் மேல் கருமை படிந்துவிட்டால் சின்ன சிக்னல் அதைத் தாண்டாது. வால்யூமைக் கூட்டும்போது வோல்டேஜ் அந்தப் படிவை உடைத்துக்கொண்டு போகும். என் செட்டின் குணம் அப்படியே இதுதான்.

பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தேன். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்குவது வேண்டவே வேண்டாம். மீட்டர் ஒயர்களை கிளிப்போடு மாட்டிவிட்டு, அதன் பின் செட்டை ஆன் செய்து 100 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டேன். ரிலேக்கு முன்னால் இரண்டு சேனலிலும் ஒரே ஏசி வோல்டேஜ். ரிலேக்குப் பின்னால் இடது அப்படியே இருக்க, வலது விழுந்து விழுந்து எழுந்தது. இந்தச் சோதனையின்போது ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும். லோடு இல்லாவிட்டால் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு என்பதால், கெட்டுப்போன கான்டாக்ட்கூட நல்லதுபோல முழு வோல்டேஜைக் காட்டிவிடும்.

ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்தேன். ஒரு ஜோடி வெள்ளி நிறத்தில் இருந்தது, இன்னொரு ஜோடியின் நடுவில் கறுப்பாக ஒரு குழி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைக் கான்டாக்டுக்கு நடுவே வைத்து, மெல்ல அழுத்தி இழுத்தால் கறுப்பு வரும், செட்டும் சில காலம் ஓடும். ஆனால் குழி விழுந்த கான்டாக்டை நம்ப எனக்கு மனமில்லை. உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சே போய்விடும். அதனால் புதிய ரிலே வாங்கினேன். பழையதன் மேல் 24 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. காயில் (ரிலேயை இயக்கும் கம்பிச்சுருள்) வோல்டேஜ், கான்டாக்ட் தாங்கும் ஆம்பியர், கால்களின் அமைப்பு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மாற்றியதும் சீரிஸ் பல்பு (தப்பிருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்த, செட்டுக்கு வரும் மின் இணைப்பின் நடுவே சேர்க்கும் பல்பு) வழியாக ஆன் செய்தேன். பல்பு ஒருமுறை பிரகாசித்து மங்கியது, டிக் சத்தம் வந்தது. ஸ்பீக்கர் மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி அளந்தேன். இரண்டு பக்கமும் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்ததால் நிம்மதி. இப்போது வால்யூம் குமிழை லேசாகத் திருப்பினாலே இரண்டு பக்கமும் சேர்ந்து எழுகின்றன.

உங்கள் செட்டில் ரிலேக்கு முன்னால் எடுக்கும் ஹெட்போனிலும் அதே பக்கம் போகிறது என்றால் ரிலேயை விட்டுவிடுங்கள். டேப் அவுட்டில் (ரெக்கார்டருக்குப் போகும் இணைப்பு) இரண்டு சேனலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வால்யூம், பாலன்ஸ், டோன் கண்ட்ரோல் பக்கம் தேடுங்கள். வராவிட்டால் உள்ளீட்டு சுவிட்சிலிருந்து தொடங்குங்கள்.